4 மணி நேரம்

மருத்துவமனை டெண்டருக்கு முதன்முதலில் எழுதியபோது பத்துப் பக்கமும் கம்பெனிப் பெருமைதான். தோற்றோம்.

அடுத்தது வந்தபோது அப்பா வார்டில். மருந்தேற்றும் பம்ப் கத்திக்கொண்டே இருந்தது. “இது கெட்டா ஆள் வர மூணு நாளாகும் தம்பி,” என்றார் மிஸி.

அன்றிரவே மலாயில் புதிதாக எழுதினேன். பம்ப் நின்றால் யாரை அழைப்பது, மாற்று பம்ப் எங்கிருந்து வரும், எப்போது வரும். 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டப் பதிவு, விருது, சான்றிதழ் எல்லாம் பின்னிணைப்புக்குப் போயின. தொழில்நுட்பக் குழு விலையைப் பார்க்காமல் படிக்கும். எழுத்துதான் பேச வேண்டும்.

“4 மணி நேரத்துல வருவோம்னு போடு,” என்றார் முதலாளி. கோலாலம்பூரிலிருந்து குவா மூசாங்குக்குக் கார் ஓடவே அவ்வளவு ஆகுமே! 8 என்று போட்டேன். வார்டிலேயே ஒரு மாற்று பம்ப் வைப்போம் என்றும் சேர்த்தேன்.

கிடைத்தது. அந்தப் பம்பின் விலையை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.