கொள்ளுக்குடிப்பட்டியில் ஒரு தீபாவளி

தீபாவளிக்குத் திருப்பத்தூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் அல்ல. என் கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. ஏழு வயது மகன் கையில் ஒரு பை நிறையப் பட்டாசு.

எனக்குக் கவலையெல்லாம் குழந்தையைப் பற்றித்தான். மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த தீபாவளியை என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் தூக்கிவாரிப் போட்டு வீறிட்டு அழுதான். ஜன்னல்களைச் சாத்தி, அவன் காதைப் பொத்தியபடி இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். "கொஞ்சம் தள்ளிப் போய் வெடிக்கக் கூடாதா?" என்று எதிர்வீட்டில் கேட்டதற்கு, "வருஷத்துக்கு ஒரு நாள்தானே, பொறுத்துக்குங்க" என்று சிரித்தார்கள்.

இங்கேயும் விடியற்காலையிலேயே சத்தம் ஆரம்பித்துவிட்டது. குழந்தை அழுவதைப் பார்த்த நாத்தனார், "கிளம்புங்க அண்ணி, வெடியே போடாத ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

பக்கத்தில்தான் இருக்கிறது கொள்ளுக்குடிப்பட்டி. 1977-ல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இங்கேதான். கண்மாய்களும் கருவேல மரங்களுமாக 38.4 ஹெக்டேர். மரக் கிளைகளில் பூத்தாற்போல நாரைகள், அரிவாள் மூக்கன்கள், கரண்டிவாயன்கள்! அந்தக் கலகலப்பைத் தவிர ஊரில் வேறு சத்தமே இல்லை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் என் மகன், "இங்க பசங்களுக்குத் தீபாவளியே கிடையாதா?" என்று கேட்டான்.

"ஏன் ராசா இல்லாம? புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு. வெடிதான் இல்ல. புள்ள பெக்கப் பொறந்த வீட்டுக்கு வந்திருக்குதுக. வந்த பொண்ண யாராச்சும் வெடி போட்டு வெரட்டுவாகளா?"

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணம், திருவிழா, சாவு எதற்கும் இங்கே வெடி கிடையாதாம். தீபாவளிக்கு வனத்துறையினர் ஊராருக்கு இனிப்பு வழங்குவதும் உண்டு. பறவைகளும் சும்மா இருப்பதில்லை. அவற்றின் எச்சம் கண்மாய்த் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது.

நத்தைக்குத்தி நாரையைப் பற்றி நான் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தைதான் அதற்கு முக்கிய ஆகாரம். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். அடைகாப்பதும் இரை ஊட்டுவதும் தாய், தந்தை இருவர் வேலை. வெயில் கடுமையானால் இறக்கையை விரித்து, கூட்டுக்குக் குடை பிடித்தாற்போல நிற்குமாம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இரவு எனக்கு ஞாபகம் வந்தது.

என் மடியில் குழந்தை மதியம் வரை அசையாமல் தூங்கினாள்.

மாலையில் வீடு திரும்பியதும் மகன் பையைப் பிரித்தான். மத்தாப்பையும் சங்கு சக்கரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, "வெடி வேண்டாம்மா. பாப்பாவும் புதுசாத்தானே வந்திருக்கா" என்றான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, பாட்டி சொன்னதுதான்.

சகோதரிகளே, நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் அந்தப் பக்கம் போனால், குழந்தைகளோடு ஒரு நடை எட்டிப் பாருங்கள். கரையில் சத்தம் போடாமல் நில்லுங்கள். தீபாவளிக்கு வெடி வாங்குமுன், அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.