பேட்டரி ஜோடி

பழைய டீசல் வெல்டிங் செட் ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதல் பழி இன்ஜின் மேல்தான் விழும். பேட்டரியை லேசில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுந்திய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். பேட்டரி சோர்ந்தால் நல்ல இன்ஜினும் செத்ததுபோல் கிடக்கும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெள்ளானூரில் எங்கள் தெருவில் அதன்பின் சில நாள் கரன்ட் இல்லை. பால் ஊற்றிப் பிழைக்கும் ஒரு அம்மாவின் கொட்டகைச் சட்டம் பிய்ந்து, மாடுகள் வெட்டவெளியில் நின்றன. வெல்டிங் தம்பி ஒருவர் தன் பழைய செட்டைக் கொண்டுவந்தார். செல்ஃப் போட்டால் ஒரு முனகல், அவ்வளவுதான்.

"இன்ஜின் போயிடுச்சு சார். பிரிச்சாதான் தெரியும்."

"இருப்பா, மீட்டர் எடுத்துட்டு வரேன்."

அது 24 வோல்ட் செல்ஃப். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு சேர்த்து இரண்டு 12 வோல்ட் பேட்டரி மாட்டியிருந்தார். ஒன்று புதுசு; மற்றது டெம்போவில் கழற்றியது. சும்மா இருக்கும்போது 12.6, 12.4 காட்டின. சும்மா இருக்கையில் எல்லா பேட்டரியும் யோக்கியன்தான்! செல்ஃப் அடிக்கும்போது பார்த்தோம். புதுசு 11இல் நின்றது, பழசு 6க்கு விழுந்தது. ஜோடி மாட்டில் ஒன்று படுத்துக்கொண்டால் வண்டி எப்படி நகரும்?

தெருக்கோடி டிராக்டரிலிருந்து அதே அளவு பேட்டரி ஒன்றை இரவல் வாங்கினோம். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, உப்புத்தாள் போட்டு இறுக்கினோம். எர்த் கேபிளின் கடைசி இணைப்பை மட்டும் பேட்டரியில் கொடுக்காமல், தள்ளி இன்ஜின் பாடியில் கொடுக்கச் சொன்னேன். சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அதன் தலைமேல் பொறி பறக்கக்கூடாது. பீடி பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவரையும் விரட்டினோம்.

பத்து விநாடிக்கு மேல் செல்ஃபை அழுத்தவிடவில்லை. இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுபடி. இரண்டாம் தடவையே கரும்புகை கக்கிக்கொண்டு பிடித்தது. பொழுது சாய்வதற்குள் சட்டம் நின்றுவிட்டது.

கரன்ட் இருக்கும் நாளில் சிலர் வெல்டிங் மெஷின் கேபிளையே பேட்டரியில் வைத்து வண்டி ஸ்டார்ட் செய்கிறார்கள். வெல்டிங் நடக்காதபோது அதில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிராக்டர்காரரிடம் போய் நில்லுங்கள், ஒரு டீ செலவுதான்.