கரிசலில் கரைந்த கோட்டைகள்

எங்கள் தாத்தா மண்சுவர் வைக்கிறவர். விளாத்திகுளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓலை வேய்ந்த பழைய வீடு எங்கே நின்றாலும், "இது நான் வச்ச சுவரு" என்று சொல்லிக்கொண்டே போய் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். சுவர் திடமாக இருக்கிறதா, உள்ளே கறையான் ஏறிவிட்டதா என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். எனக்கும் தம்பிக்கும் கோட்டை என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான். வேறு யாராவது கூட்டிப்போயிருந்தால், அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருப்போம்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் ஊர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, தூத்துக்குடி மாவட்டத்தைப் பிரித்தது 1986இல். பங்குனி கழியும்போது வத்தல் எடுப்பு ஓய்ந்துவிடும். களத்தில் சிவப்பாகப் பரப்பிக் கிடந்த முண்டு வத்தல் சாக்கேறிக் கமிஷன் கடைக்குப் போய்விடும். தெருவில் தும்மல் அடங்கும், வீட்டில் கொஞ்சம் காசு புழங்கும், பள்ளிக்கூடமும் லீவு விட்டிருக்கும். மழைக்கு முன்னால் சுவர் வேலை முடிக்க வேண்டும் என்று தாத்தாவுக்கு ஆள் மேல் ஆள் வரும் காலமும் அதுதான். ஆனாலும் இடையில் ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு, முந்தின ராத்திரியே கேட்பார்: "தாயி, நாளைக்குக் கோட்டைக்குப் போவோமா?"

ஆச்சி விடிவதற்கு முன்பே எழுந்து புளிச்சோறு கிண்டுவாள். பொரிகடலைத் துவையல், ஒரு பொட்டலம் சேவு, ஒரு துண்டு கருப்பட்டி. வாழை இலை கிடைக்காத நாளில் தேக்கிலை. பித்தளைத் தூக்குச்சட்டியில் தண்ணீர். இவ்வளவும் ஒரு மஞ்சள் பையில் அடங்கிவிடும்.

பாடப் புத்தகத்தில் செஞ்சிக் கோட்டையின் படம் இருந்தது. மலை, மலைமேல் கல், கல்மேல் மதில். கோட்டை என்றால் அப்படித்தான் என்று நானும் தம்பியும் நம்பியிருந்தோம். தாத்தா முதலில் கூட்டிப்போன நாகலாபுரத்தில் மலையும் இல்லை, மதிலும் இல்லை. அறுத்து முடித்த பருத்திக்காடு, வெடித்துக் கிடக்கும் கரிசல், தூரத்தில் பனை. "கோட்டை எங்க தாத்தா?" என்று தம்பி அழாத குறையாகக் கேட்டான். "அதைத்தாம்யா இடிச்சிட்டாம்லா. இடிச்ச இடத்தைப் பாக்கத்தான் வந்திருக்கோம்" என்றார்.

அவர் அன்று சொன்னதைப் பின்னால் புத்தகங்களிலும் படித்தேன். 1799 செப்டம்பர் 5ஆம் தேதி, கும்பினி என்கிற கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினான். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறிய சில நாட்களில் அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அவரைத் தூக்கில் போட்டது இந்த நாகலாபுரத்தில்தான். தலையை வெட்டிக் கம்பத்தில் குத்திப் பாஞ்சாலங்குறிச்சியில் நட்டார்கள். அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனையும் தூக்கிலிட்ட பிறகு, அவரோடு நின்ற பாளையங்களைக் கும்பினி பறிமுதல் செய்தது: பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர். கடைசி மூன்றும் எங்கள் தாலுகாவுக்குள்ளேயே இருக்கின்றன. பாளையக்காரர்கள் தங்கள் கோட்டைகளை இடித்துவிட வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றும் பானர்மேன் உத்தரவு போட்டான். எங்கள் பக்கத்துக் கோட்டைகள் மழையில் கரைந்து போனவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கரைத்தது மழை மட்டும் இல்லை.

காடல்குடிக்குப் போனபோது தாத்தா கோட்டையைவிடப் பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அந்த ஜமீன் வழியில் வந்தவர்தான் விளாத்திகுளம் சுவாமிகள் என்கிற நல்லப்ப சுவாமிகள். ஒரு ராகத்தை எடுத்தால் மணிக்கணக்கில் விரித்துக்கொண்டே போகக் கூடியவர். 1965இல் மறைந்தார். தாத்தா வேலை முடிந்து மண் ஒட்டிய காலோடு, தூரத்தில் நின்று அவர் பாடிக் கேட்டிருக்கிறார். "கோட்டையத்தான் இடிக்க முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னார்.

எட்டயபுரம் வேறு மாதிரி. அங்கே அரண்மனை நிற்கிறது. எங்கள் சுற்று வட்டாரத்தில் சிறுபிள்ளைகள் பார்த்து வாய்பிளக்கத் தகுந்த ஒரே பழைய கட்டடம் அதுதான். தூண்களையும் உயரமான வாசலையும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். "இது மட்டும் எப்படி தாத்தா இடியாம இருக்கு?" என்று நான் கேட்டேன். எட்டயபுரம் கும்பினியோடு நின்றது, பாஞ்சாலங்குறிச்சியைப் பிடிக்கப் படை அனுப்பியது, பறிமுதலான நிலத்தில் பங்கும் பெற்றது. தாத்தா இதைக் குரல் உயர்த்தாமல் சொன்னார். பிறகு கையைப் பிடித்து பாரதி மணிமண்டபத்துக்குக் கூட்டிப்போனார். கல்கி முன்னின்று பணம் திரட்டி, 1947இல் ராஜாஜி திறந்து வைத்த மண்டபம். கும்பினிக்குத் துணை நின்ற அதே ஊரில்தான் 1882இல் பாரதி பிறந்தார். ஒரு ஊரை ஒரே சொல்லில் நல்ல ஊர், கெட்ட ஊர் என்று முடித்துவிடக் கூடாது என்பது அன்றைக்கு அந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் நடக்கும்போது எனக்குப் புரிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றி.

எட்டயபுரத்தில் தூத்துக்குடி பஸ் ஏறி, குறுக்குச்சாலையில் இறங்கி, உள்ளே போகும் வண்டிக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை அப்போது புத்தம் புதிதாக இருந்தது. உள்ளே சுவர் முழுக்கக் கட்டபொம்மன் கதை ஓவியமாக. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. சிவாஜி கணேசன் நடித்த 1959ஆம் ஆண்டுப் படத்தைத் திருவிழாத் திரையில் பார்த்திருந்தவன், ஒவ்வொரு ஓவியத்தின் முன்னாலும் நின்று வசனம் பேசினான். தாத்தா எங்களை ஆசைதீரப் பார்க்கவிட்டார். வீரசக்கதேவி கோவிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், "இது நம்ம சர்க்கார் ஞாபகத்துக்கு வச்சது. நல்லா வச்சிருக்காங்க. வாங்க, இப்ப கோட்டையப் பாப்போம்" என்றார்.

பழைய கோட்டை இருந்த இடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அறுபதுகளின் கடைசியில் அங்கே அகழ்ந்து, செங்கல் கட்டுமானத்தின் அடித்தளங்களை வெளியே கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் கண்ணுக்கு அவை முழங்கால் உயரச் செங்கல் வரிசைகள். சுற்றிலும் மேடும் பள்ளமும் சீமைக்கருவேலமும். தாத்தா மேட்டின் ஓரத்தில் மழை அரித்திருந்த இடத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். உதிர்ந்து கிடந்த ஒரு கட்டியை எடுத்துப் பெருவிரலால் நசுக்கினார். அது லேசில் உடையவில்லை. என் உள்ளங்கையில் வைத்து, "நீ நசுக்கு" என்றார். நானும் நசுக்கிப் பார்த்தேன், நகம்தான் வலித்தது.

"தனிக் கரிசல்ல சுவர் வச்சா வெயிலுக்கு வெடிச்சிரும் தாயி. வேற மண்ணு சேத்துக் கூட்டணும். முந்தின நாளே தண்ணிய ஊத்தி ஊறப்போடணும். கூளத்தைப் போட்டு மிதிக்கணும். காலுக்கடியில பிசுபிசுன்னு ஒட்டணும், ஆனா வழுக்கக் கூடாது." பிறகு அந்தக் கட்டியை உடைத்துக் காட்டினார். உள்ளே மெல்லிய கோடாக ஒரு வெற்றிடம், கூளம் இருந்து மக்கிப்போன தடம். அவர் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் வாசலில் மிதித்துக் கலக்குகிற அதே கலவையின் தடம். அந்தக் கட்டி கோட்டையுடையதா, பின்னால் யாரோ வைத்த வீட்டுச் சுவருடையதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தாத்தாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

1801இல் அந்தக் கோட்டையை முற்றுகையிட்ட படையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி இருந்தான். 1830இல் தன் போர் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டான். நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, முழுக்க மண்ணால் ஆனது, சுவர் சுமார் 12 அடி உயரம், சிறுசிறு கொத்தளங்கள், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி, அகழி கிடையாது என்று அதில் விவரம் கிடைக்கிறது. வீட்டு மனைக்கு நூல் பிடிக்கிற கணக்கில் பார்த்தால் பெரிய கோட்டையே இல்லை. ஆனால் அது இரண்டு முறை கும்பினியை எதிர்த்து நின்றது. இரண்டாவது முறை நின்றதுதான் ஆச்சரியம், ஏனென்றால் 1799இலேயே அதைத் தரைமட்டமாக்கியிருந்தார்கள்.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாட்களில் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தபோது இடித்த இடத்தில் கோட்டை எழும்பி நின்றது. ஆறே நாளில் எழுப்பினார்கள் என்பது ஊர்ப் பேச்சு. இது நடக்கக்கூடியதா என்று நான் கேட்டபோது தாத்தா மண்ணில் விரலால் கோடு போட்டுக் கணக்குச் சொன்னார். மண்சுவரைப் படை படையாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரு படை வைத்துக் காயவிட்டுத்தான் அடுத்தது; ஈரத்தில் ஏற்றினால் அடிப்படை பிதுங்கிவிடும். ஒரு படைக்கு ஒன்றரை முழம் வைத்தால் 12 அடிக்கு ஆறு படைக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். நாளைக்கு ஒரு படை. "தைமாசக் கடைசி. பனி இருந்தாலும் பகல்ல காத்து காயவைக்கும். ஊரே கூடி மிதிச்சிருக்கு. அடிமானம் பழசு, அது மண்ணுக்குள்ள அப்படியே கிடந்திருக்கும். நடக்கும் தாயி. நடந்திருக்கு." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமிதம் ராஜாவைப் பற்றியது இல்லை, பெயர் தெரியாத அந்த மண் மிதித்த ஆட்களைப் பற்றியது.

மார்ச் 31 அன்று கும்பினி பீரங்கி வைத்துச் சுவரில் பிளவு உண்டாக்கி உள்ளே பாயப் பார்த்தது. முடியவில்லை. கல்மதிலில் குண்டு பட்டால் கல் சிதறி விழும். மண்சுவர் குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். பிளவின்மேல் ஏறிய சிப்பாய்கள், கொத்தளத்தின் குடைவான உள்பக்கத்தில் நின்றவர்களின் நீளமான வல்லயங்களில் குத்துப்பட்டு விழுந்தார்கள். கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்த பிறகு மே 24ஆம் தேதிதான் கோட்டை வீழ்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததை ஆச்சிதான் சொல்வாள். தாத்தாவுக்குச் சொல்லத் தொண்டை அடைக்கும். போர்க்களத்தில் மகனைத் தேடி வந்த ஒரு தாய், குற்றுயிராகக் கிடந்த மகனைக் கண்டாள். அவன், "என்னை விடு, சாமியைக் காப்பாத்து" என்று பக்கத்தில் அடிபட்டுக் கிடந்த ஊமைத்துரையைக் காட்டினான். அவரைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்தார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு செத்த பிள்ளை என்று அழுதார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். இதை வெல்ஷே தன் புத்தகத்தில் மரியாதையோடு எழுதியிருக்கிறான். பிடிபட்ட ஊமைத்துரையை அதே ஆண்டு நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். கோட்டையை மறுபடியும் இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஊர்ப் பெயரையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களாம்.

கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, செத்துப்போன கும்பினிக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. தம்பி ஒன்றின்மேல் ஏறப்போனான். தாத்தா அதட்டிய ஒரே இடம் அதுதான். "இறங்குல. அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளை."

தாத்தா போய் வெகுகாலமாகிவிட்டது. அவர் வைத்த சுவர்களில் பலவற்றை இடித்துக் காங்கிரீட் போட்டாயிற்று. மண்சுவர் வைக்கத் தெரிந்த கையும் எங்கள் பக்கம் அருகிவிட்டது. அந்தக் கைகள் இல்லாமல் போனால் இந்தக் கோட்டைகளைப் படிக்கத் தெரிந்தவர்களும் இல்லாமல் போவார்கள் என்பதே என் கவலை.

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நினைவுக் கோட்டை முன்னால் நின்று படம் எடுத்ததும் வண்டி ஏறிவிடாதீர்கள். பழைய கோட்டை இருந்த மேட்டுக்கும், கல்லறைகளுக்கும் நடந்து போய்ப் பாருங்கள். ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர் வழியாகப் போனால் கோட்டை எங்கே இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். இன்னும் சொல்லக் கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காட்டுகிற இடத்தை அளந்து, ஒரு கல்லை நட்டு, 1799இல் இங்கே ஒரு மண்கோட்டை இடிக்கப்பட்டது என்று எழுதி வைக்க அந்தந்த ஊராட்சிகள் முன்வர வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.