க்யூஆர் கோடு ஊரில் ஒரு வெளிநாட்டுக்காரர்: காஞ்சிபுரத்தில் வங்கிக் கணக்கு தொடங்க முடியுமா?

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் நடுவே இருக்கிறது குமரகோட்டம். அம்மை, அப்பன், நடுவில் மகன் என்று ஊரே சோமாஸ்கந்த வடிவமாக அமைந்திருப்பதாகக் காஞ்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடிய தலமும் இதுதான். இத்தனை பெருமை கொண்ட இந்தக் கோயில், 2017 அக்டோபரில் வேறொரு காரணத்துக்காக நாடு முழுக்கச் செய்தியானது. கோயில் வாசலில் தொப்பியை ஏந்தியபடி ஒரு வெளிநாட்டு இளைஞர் பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்தார்.

ரஷ்யாவிலிருந்து சுற்றுலா வந்தவர். வயது 24. ஏடிஎம்மில் பணம் எடுக்கப் போன இடத்தில் பின் நம்பர் லாக் ஆகிவிட்டது; கையில் காசு இல்லை. தகவல் கிடைத்து வந்த போலீஸார் அவருடைய பாஸ்போர்ட், விசாவை வாங்கிப் பார்த்தார்கள். எல்லாம் முறையாகவே இருந்தன. கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து அவரைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். அப்போது வெளியுறவுத்துறை அமைச்சராக இருந்த சுஷ்மா ஸ்வராஜ், 'உங்கள் நாடு எங்கள் நெடுங்கால நண்பன், சென்னையில் உள்ள என் அதிகாரிகள் உதவுவார்கள்' என்கிற பொருளில் ட்விட்டரில் பதிவிட்டார். ஒரு பின் நம்பருக்காக மத்திய அமைச்சர் வரை போக வேண்டியிருந்தது!

பலரும் அதை ஒரு விநோதச் செய்தியாகப் படித்துவிட்டு நகர்ந்தார்கள். ஆனால், அந்த இளைஞருக்கு நடந்தது யாருக்கும் நடக்கக்கூடியது. தவறான பின் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் கார்டு முடங்கும். அதைத் திறக்க கார்டு கொடுத்த வங்கியால் மட்டும்தான் முடியும். ஏடிஎம் வைத்திருக்கும் காஞ்சிபுரம் கிளை மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஊரில் இருக்கும் வங்கிக்கு போன் போட வேண்டும். அந்த நேரத்தில் அங்கே நள்ளிரவாக இருக்கலாம். கணக்கோடு இணைத்த செல்போன் எண்ணுக்கு ஓடிபி வரும், ஆனால் அந்த சிம் கார்டு இங்கே வேலை செய்ய வேண்டுமே!

2022-க்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். உக்ரைன் போரை அடுத்து அந்த ஆண்டு மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் ரஷ்யாவில் தங்கள் சேவையை நிறுத்தின. ரஷ்ய வங்கிகள் கொடுத்த அந்த கார்டுகள் ரஷ்யாவுக்கு வெளியே செல்லாமல் போயின. பின் நம்பர் சரியாக நினைவில் இருந்தாலும் பயனில்லை. 2017-ல் ஒரு இளைஞருக்கு நேர்ந்த சங்கடம், அந்த நாட்டுப் பயணிகள் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

சில்லறை கேட்டால் போர்டைக் காட்டும் ஊர்

சரி, இன்றைக்குக் காஞ்சிபுரத்துக்கு வரும் ஒரு வெளிநாட்டுப் பயணியின் நாளை யோசித்துப் பாருங்கள். காந்தி ரோட்டுப் பெரிய பட்டுக்கடைகளில் பிரச்னை இல்லை. ஸ்வைப் மெஷின் இருக்கிறது, கார்டை நீட்டலாம். ஆட்டோவுக்கு, பூக்கடைக்கு, இளநீர்க்காரருக்கு, செருப்பைப் பார்த்துக்கொள்கிறவருக்கு? எங்கு பார்த்தாலும் க்யூஆர் கோடு அட்டைதான். உள்ளூர்க்காரர் போனை எடுத்து ஒரு நொடியில் பத்து ரூபாய் அனுப்பிவிட்டுப் போகிறார். பக்கத்தில் நிற்கும் வெளிநாட்டுக்காரர் கையில் இருப்பதோ 500 ரூபாய் நோட்டு. 'சேஞ்ச் இல்லையே சார்' என்பதைத் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் அர்த்தம் ஒன்றுதான்.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் சிக்கல் இன்னும் பெரிது. தறி ஓடும் வீட்டுக்குள்ளேயே போய், கோர்வையும் பேட்டும் எப்படிச் சேர்கின்றன என்று பார்த்து, அங்கேயே ஒரு சேலை வாங்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அசல் ஜரிகைச் சேலை என்றால் விலை பல ஆயிரங்களைத் தாண்டும். நெசவாளர் வீட்டில் ஸ்வைப் மெஷின் இருக்காது, யுபிஐ இருக்கும். ஆனால், யுபிஐ-க்கு அடியில் ஒரு இந்திய வங்கிக் கணக்கு இருக்க வேண்டும்.

விதி என்ன சொல்கிறது?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. சுற்றுலா வரும் வெளிநாட்டவரும் இந்தியாவில் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி விதிகளில் இடம் உண்டு. அதற்கு என்ஆர்ஓ கணக்கு என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரும் பணத்தையோ, கையோடு கொண்டுவந்த டாலர், யூரோவை மாற்றிய பணத்தையோ அதில் போடலாம். ஊருக்குத் திரும்பும்போது மிச்சப் பணத்தை அவர்கள் நாட்டுப் பணமாக மாற்றி எடுத்துப் போகலாம். இரண்டு நிபந்தனைகள்: கணக்கு ஆறு மாதத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது, வட்டியைத் தவிர உள்ளூர்ப் பணம் எதுவும் அதில் விழுந்திருக்கக் கூடாது. பாகிஸ்தான், பங்களாதேஷ் நாட்டவருக்குத் தனி விதிகள்.

அடையாளத்துக்கு பாஸ்போர்ட் போதும். முகவரிக்கு? பாஸ்போர்ட்டில் முகவரி இல்லையென்றால், அவர்கள் நாட்டு அரசுத் துறை கொடுத்த ஆவணமோ, இந்தியாவில் உள்ள அவர்கள் தூதரகம் தரும் கடிதமோ செல்லும். பான் கார்டு இல்லாதவர்கள் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

எழுத்தில் இவ்வளவு சுலபம். ஆனால், காலையில் ஏகாம்பரநாதர், மதியம் கைலாசநாதர், சாயங்காலம் வரதராஜர் என்று ஒரே நாளில் ஊரைப் பார்த்துவிட்டு மாமல்லபுரத்துக்குக் கிளம்புகிறவர், தூதரகக் கடிதம் வாங்கச் சென்னைக்குப் போய் 70 கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வருவாரா? வந்தாலும், கணக்கு திறந்து, கார்டு வந்து, யுபிஐ இயங்குவதற்குள் விடுமுறையே முடிந்துவிடும். கதவு திறந்துதான் இருக்கிறது, நுழைய நேரம்தான் இல்லை.

படிக்க வருகிறவர்களுக்குக் கொஞ்சம் தாராளம் காட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள் விசாவோடு கூடிய பாஸ்போர்ட்டையும், கல்லூரியில் இடம் கிடைத்ததற்கான கடிதத்தையும் காட்டிக் கணக்கைத் தொடங்கிவிடலாம். உள்ளூர் முகவரியை 30 நாளுக்குள் கொடுத்தால் போதும். அதுவரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரவு வைக்க முடியாது.

வேலைக்கு வருகிறவர்களின் கதை வேறு. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கொரிய மொழிப் பலகை தொங்கும் ஓட்டல்களைப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்த பிறகு உருவான உலகம் அது. கொரியர்கள் வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே கொரிய வங்கிகளும் வந்தன. வூரி வங்கி 2012-ல் சென்னையில் கிளை திறந்தது. தன் மொழியில் பேசும் வங்கி கூடவே வருவதெல்லாம் தொழிற்சாலையோடு வருகிறவர்களுக்கு வாய்ப்பது. தோளில் பையோடு தனியாக வருகிறவருக்கு வாய்க்காது. 180 நாளுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வருகிறவர்கள், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவும் வீட்டு வாடகை ஒப்பந்தமும் கையில் இருந்தால் வங்கியில் வேலை சுலபமாகும். இங்கே குடியிருப்பவராகக் கருதப்படும் வெளிநாட்டு ஊழியர் சாதாரண சேமிப்புக் கணக்கே வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து ஊர் திரும்பும்போது அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில், சிங்கப்பூரில் குடியேறிய பிறகும் காஞ்சிபுரம் கிளையில் காலேஜ் நாளில் தொடங்கிய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பவர்கள் நிறைய. அதையும் வங்கியில் சொல்லி என்ஆர்ஓ-வாக மாற்றியாக வேண்டும். என்ஆர்ஓ வட்டிக்கு 30 சதவிகிதமும் அதற்கு மேல் செஸ்ஸும் வரியாகப் பிடிப்பார்கள் என்பதால், பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடுவதால் விதி மாறிவிடாது.

கணக்கு இல்லாமலே ஸ்கேன்

சுற்றுலாப் பயணிக்கு உண்மையில் உதவக்கூடியது வேறொன்று. 2023-ல் ஜி20 மாநாட்டையொட்டி, இந்திய வங்கிக் கணக்கு இல்லாத வெளிநாட்டவரும் யுபிஐ-யில் பணம் செலுத்த ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பாஸ்போர்ட், விசாவைக் காட்டி, முன்கூட்டியே பணம் போட்டு வைத்துக்கொள்ளும் வாலட் அது. முதலில் ஜி20 நாட்டவருக்கு, டெல்லி, மும்பை, பெங்களூரு விமான நிலையங்களில் மட்டும் தொடங்கினார்கள். 'யுபிஐ ஒன் வேர்ல்டு' என்ற பெயரில் 2024 ஜூலையில் மற்ற நாட்டுப் பயணிகளுக்கும் விரித்தார்கள். பூக்காரம்மாவின் க்யூஆர் அட்டைக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை மூட, இப்போதைக்கு இதைவிட நல்ல பாலம் இல்லை. கவனிக்க வேண்டியது, முதல் பட்டியலில் சென்னை இல்லை. தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு வெளிநாட்டவர் யாரும் வருவதில்லை என்று நினைத்தார்களோ என்னவோ!

சீனத் துறவி யுவான் சுவாங் 7-ஆம் நூற்றாண்டிலேயே வந்து பார்த்த ஊர் இது. பணத்தை ஒப்படைத்து வட்டி வாங்கும் வழக்கமும் காஞ்சிக்குப் புதிதில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் காலத்துச் செப்பேடு, ஊரகத்துப் பெருமாள் கோயிலின் பொன்னை இந்த நகரத்துக் குடியிருப்புகளிடம் வட்டிக்குக் கொடுத்து வைத்த கணக்கைச் சொல்கிறது. கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பொறுப்பு நெசவாளர்களிடம் இருந்தது. முகம் தெரிந்தவர்களுக்குள் நடந்த வங்கி அது.

உங்கள் வீட்டுக்கு வெளிநாட்டு நண்பரோ, மகனின் ஆபீஸ் தோழரோ காஞ்சிபுரம் பார்க்க வருகிறார் என்றால், கிளம்பும் முன்பே இவற்றைச் சொல்லிவிடுங்கள். வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கார்டுகள், இரண்டும் வெவ்வேறு பைகளில். பயணம் போவதை வங்கியிடம் முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது. ஏடிஎம் திரையில் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா' என்று கேட்டால் வேண்டாம் என்பதே பெரும்பாலும் லாபம். டாலர் நோட்டாக 5,000-க்கு மேல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். மாற்றும்போது அங்கீகாரம் பெற்ற இடத்தில் மாற்றி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். மிச்ச ரூபாயைத் திரும்ப மாற்றும்போது கேட்பார்கள். அப்படியே, மாற்றும் இடத்தில் நூறு ரூபாய் நோட்டுகளாக ஒரு கட்டு கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ராஜ வீதியில் அந்தக் கட்டுக்கு இருக்கும் மதிப்பே தனி.