மண்கும்பானிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு

யாழ்ப்பாணப் பட்டினத்தின் மேற்கு விளிம்பிலே பண்ணையைத் தாண்டியதும் நிலம் முடிந்து கடல் தொடங்குகின்றது, வீதியோ முடிவதில்லை. ஆழமற்ற பரவைக் கடலின் நடுவே போடப்பட்ட நெடும்பாதை மேற்கே சென்று, மண்டைதீவுச் சந்தியைத் தொட்டு, அல்லைப்பிட்டியைக் கடந்து மண்கும்பானை அடைகின்றது. குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்கள் இவ்வூரின் வழியாகவே போகின்றார்கள். இறங்கிப் பார்ப்போர் மிகச் சிலரே.

பெயருக்கேற்ப மண்ணே இவ்வூரின் செல்வம். மாரியில் விழும் மழையை இவ்வெண்மணல் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றது. நன்னீர் பாரம் குறைந்ததாகையால் அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும். அதனை அளவறிந்து அள்ளல் வேண்டும். அயலிலுள்ள சாட்டியின் நீர் தீவகத்தின் வேறு ஊர்களுக்கும் போகின்றது. கட்டடங்களுக்கென மணலை அகழ்ந்து ஏற்றியதனால் பிட்டிகள் பல மறைந்தன. மணலை விற்றவன் தன் பேரப்பிள்ளையின் குடிதண்ணீரையும் சேர்த்தே விற்றான் என்று சொல்லத் தோன்றுகின்றது. 1990 ஆகஸ்ட் மாதத்தில் போர் தீவகத்தை வந்தடைந்தபோது ஜனங்கள் வீடுவாசலைக் கைவிட்டு வெளியேறினர். திரும்பி வராதோரின் வீடுகள் சில கூரையிழந்து நிற்பதை வழியெங்கும் காணலாம்.

அடியார்கள் மேற்கே போகும் இவ்வீதியிலே, காலை வேளையில் கிழக்கு நோக்கிச் செல்லும் பஸ்களில் வேறொரு யாத்திரை நடைபெறுகின்றது. தாயின் மடியிலே ஒரு பை. பைக்குள் கிளினிக் கொப்பி, தண்ணீர்ப் போத்தல், மாற்றுச் சட்டை. பக்கத்திலே பேச்சில்லாத ஒரு பிள்ளை. அப்படியொரு தாயின் அருகிலே அமர்ந்து நான் பட்டினத்துக்குத் திரும்ப நேர்ந்தது. பையனுக்கு ஒன்பது வயதிருக்கும். மூட்டுவாதக் காய்ச்சலால் இருதயம் சற்றுப் பழுதுற்ற பிள்ளை.

இந்நோய் தொண்டை நோவிலே தொடங்குவது. ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் கிருமியால் தொண்டை அழன்று, அது தானாகவே ஆறிவிட்டதென்று வீட்டார் மறந்திருக்கும் வேளையில், இரண்டு மூன்று வாரங்களின் பின் காய்ச்சல் வரும். முழங்காலும் கணைக்காலும் மாறி மாறி வீங்கும். கிருமியை எதிர்க்க உடல் ஆக்கிய படையே உடலைத் தாக்குவதனால் விளைவது இது. மூட்டு வீக்கம் வடுவின்றி மாறிவிடும். இருதய வால்வில் விழுந்த வடு மாறுவதில்லை. ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளையே பெரும்பாலும் பிடிக்கும். நெருக்கமான வீடுகளிலே கிருமி எளிதிற் பரவும். தொண்டை நோவு கண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வருமென்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஒருமுறை வந்த பிள்ளைக்கோ மறுமுறை வருவது எளிது. வருந்தோறும் வால்வு மேலும் கெடும்.

அதனைத் தடுக்கவே ஊசி. 1950களில் வழக்கிற்கு வந்த பென்சதீன் பெனிசிலின் உடலிலே மெல்லக் கரைந்து வாரக்கணக்கில் நிலைத்து நிற்பது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, தொடையிலோ இடுப்பின் கீழேயோ ஆழமாகப் போடுவார்கள். இருதயம் தாக்கப்படாதிருந்தால் குறைந்தது ஐந்து ஆண்டு, அல்லது இருபத்தொரு வயது வரை; தாக்கப்பட்டிருந்தால் அதனினும் நெடுங்காலம். ஏழு வயதில் நோயுற்ற பிள்ளை இருபத்தொரு வயது வரை மூன்று வாரத்துக்கொன்றாகப் போட்டுக்கொண்டால் 240 ஊசிகளுக்கு மேலாகும். மருந்து தடித்தது, மெல்லத்தான் இறங்கும், நோவும் கடுமை. இத்தனைக்கும் ஊசிக்குப் போகும் நாளிலே பிள்ளை சுகமாக விளையாடிக்கொண்டிருப்பான். நோயில்லாத நாளில் நோகப்பண்ணுவதன் நியாயத்தை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எவ்வாறு விளக்குவது?

மண்டைதீவுச் சந்தி வரும்வரை பையன் வாய் திறக்கவில்லை. கடற்பாதையில் சோளகக் காற்று முகத்தில் அடித்தபோது கேட்டான்:

"அம்மா, இண்டைக்கும் நோகுமோ?"

"ஓம் ராசா, நோகும். போன முறை மாதிரித்தான். நான் கையை விடமாட்டன்."

முன் ஆசனத்துக் கிழவி திரும்பி, "பிள்ளையை ஏன் பயப்படுத்துறாய் மோனை? நோகாது எண்டு சொல்லு" என்றாள். தாய் சிரித்தாளேயன்றி மறுமொழி சொல்லவில்லை. சிறிது பொறுத்து என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "முதல் முறை அப்பிடித்தான் சொன்னனான் ஐயா. அதுக்குப் பிறகு நான் சோறு சுடாது எண்டாலும் நம்பமாட்டான்."

கிழவியின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தாயின் பக்கமே நியாயம் இருந்தது. ஒரேயொரு ஊசிக்குப் பொய் உதவக்கூடும். இருநூறு ஊசிக்கு உதவாது. பிள்ளையை நாலுபேர் அமுக்கிப் பிடிப்பதைவிட, தாயின் மடியில் நிமிர்ந்திருந்து அவளை அணைத்தபடி ஊசி போட்டுக்கொள்வது பயத்தைக் குறைக்கும். எந்தத் தொடை என்பதை அவனே தீர்மானிக்கலாம், மூச்சை இழுத்து ஊதலாம், எண்ணலாம். மருந்தின் குளிர் போன பின் போடுவதும், அவசரப்படாமல் இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்குவதும் நோவைத் தணிக்கும். மரத்துப்போகச் செய்யும் மருந்தை அதனுடன் கலந்து போடுவதும் சில இடங்களில் உண்டு. இவற்றைத் தாதியிடம் பணிவாகக் கேட்பதில் பெற்றோருக்கு வெட்கம் வேண்டியதில்லை.

மேனாட்டிலே ஒரு காலத்தில் தாயை வார்ட்டினுள் விடுவதே அரிதாயிருந்தது. இலண்டனில் ஜேம்ஸ் ரொபேட்சன் என்பவர், வைத்தியசாலையில் தாயைப் பிரிந்து தங்கிய இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்து 1952இல் காட்டினார். வைத்தியர் பலர் சினந்தனர். 1959இல் பிளாற் குழுவின் அறிக்கை, பெற்றோர் வேண்டிய நேரமெல்லாம் பிள்ளையைப் பார்க்கவும் சிறு பிள்ளையுடன் தாய் தங்கவும் இடமளிக்கும்படி கூறிற்று. நம் நாட்டுத் தாய்மார் அவ்வறிக்கைக்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. பாயும் சுடுதண்ணீர்ப் போத்தலுமாகக் கட்டிலருகே குடியேறிவிடுவது அவர்கள் வழக்கம்.

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி, ஏசண்டர் டைக் துரையின் காலத்தில், 1850இல் தருமச் சங்கமொன்றின் வைத்தியசாலையாகத் தொடங்கியது. 1847இல் இங்கு வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயிலிருந்து வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். அவர் காலத்தில் இக்காய்ச்சலுக்குப் படுக்கையன்றி வேறு பெரிய மருந்தில்லை. இருதயம் தளர்ந்த பிள்ளையைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்றோ மருந்து உண்டு. தவணை தவறுவதே அபாயம். ஓர் ஊசியை எளிதாகத் தவறவிடலாம். சோளகம் பலமாக வீசும், பஸ் வராது, கூலிவேலை அகப்படும், பிள்ளை அழுவான். ஊருக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையில் ஊசிக்கு ஒழுங்கு செய்ய முடியுமானால் பாதித் தொல்லை தீரும். இருதயத்தைப் படம்பிடித்துப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் பட்டினம் போகலாம். அது நோகாத சோதனை என்று பிள்ளைக்குத் துணிந்து சொல்லலாம்.

ஊசி போட்டபின் அரை மணி நேரமாவது அங்கேயே இருத்துவார்கள். ஒவ்வாமை ஏற்பட்டால் உடனே கவனிப்பதற்காக. அந்நேரத்தில் அடுத்த தவணைத் தேதியை எழுதச் சொல்லிப் பையனிடமே பேனாவைக் கொடுப்பதாகத் தாய் சொன்னாள். கொப்பியை எனக்கு விரித்துக் காட்டினாள். முதற் பக்கங்களில் தாதியரின் கையெழுத்து. பின்பு கோணலும் மாணலுமான எண்கள். கடைசிப் பக்கத்தில் வரிசை தப்பாத எழுத்து. இன்னும் ஐந்தாறு ஆண்டில் அவன் தனியே பஸ் ஏறுவான் என்றாள். "அப்ப நான் மண்கும்பான் சந்தியிலை நிண்டால் காணும்" என்று சொல்லிக்கொண்டே கொப்பியைப் பைக்குள் வைத்தாள். பண்ணை வந்துவிட்டது.