ஓர் இரும்புப் பெட்டி வாங்கியது பற்றி

உருவம் என்பது பாத்திரம், உள்ளடக்கம் அதில் ஊற்றி வைத்த நீர் என்கிற பார்வை தவறு என்று இரண்டு மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஒன்று இந்தப் பக்கங்களிலேயே வந்தது. அப்படி எழுதியவன் போன வருஷம் கடன் வாங்கி இருபதடி நீளத்தில் ஒரு பாத்திரம் வாங்கினான் என்பதை நண்பர்கள் ரசிக்கிறார்கள். ரசிக்கட்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காலமான கவிஞர் ஒருவரின் வீடு விற்பனைக்கு வந்தது. மாடியறையில் முப்பது வருஷச் சிறுபத்திரிகைகள், கடிதங்கள், நோட்டுகள். கூடவே அவர் கைக்காசு போட்டு அச்சிட்ட ஒரே தொகுப்பின் பிரதிகள். அச்சிட்டது 500. அறையில் இருந்தது 410. அந்தத் தொகுப்புக்கு மிகக் கடுமையான மதிப்புரை எழுதியவன் நான். கட்டுக்கோப்பு இல்லை, எங்கு பார்த்தாலும் இடைவெளி என்பது என் குற்றச்சாட்டு. பிரதிகள் தேங்கியது என் மதிப்புரையால் என்று நினைத்துக்கொள்ளும் அகந்தை எனக்கில்லை. மதிப்புரையைப் படிக்கக்கூடியவர்களும் புத்தகத்தை வாங்கக்கூடியவர்களும் அதே 90 பேர்தான். அவர்களுக்கு அவரே இலவசமாகக் கொடுத்துவிட்டிருந்தார்.

"எடைக்குப் போட மனசு வரலை தம்பி. நீங்க எடுத்துட்டுப் போங்க" என்றார் அவர் மனைவி. மதிப்புரையை அவர் படித்திருந்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவை 1994இல் சென்னையில் ஒரு நூலகமாக உருக்கொண்டன. எல்லாச் சேகரிப்புக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. நூலகம் ஒரு பிரதியை ஏற்கும், 410ஐ ஏற்காது. கடிதங்களை வெளியே கொடுக்க அந்த அம்மாள் இன்னும் தயாராக இல்லை. என் வீடு இரண்டு அறை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்துப் புத்தகங்களைப் பறிகொடுத்தவர்கள் நம்மிலேயே உண்டு. கடைசியில், செங்கல்பட்டுப் பக்கம் மேடாகக் கிடக்கும் எங்கள் மனையில் ஒரு கன்டெய்னரை வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. விலை என் ஐந்து மாதச் சம்பளம். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை.

மாதவரம் பக்கத்து யார்டு ஒன்றில் மாடிமாடியாக அடுக்கியிருந்தார்கள். நசுங்கியவை, துருவேறியவை, ஒட்டுப் போட்டவை. தனியே நின்ற ஒன்றைக் காட்டி, "ஒரே ட்ரிப் சார், புதுசு மாதிரி" என்றார் யார்டுக்காரர். உலகத்தின் கன்டெய்னர்களில் பெரும்பகுதி சீனாவில் செய்யப்படுகிறது. அங்கிருந்து சரக்கோடு வருவது, திரும்ப ஏற்றச் சரக்கில்லாவிட்டால், காலியாக அனுப்புவதைவிட இங்கேயே விற்றுவிடுவது லாபம். ஒரே ஒரு பயணம், அப்புறம் ஓய்வு. அச்சகத்திலிருந்து மாடியறைக்கு ஒரே பயணம் செய்த 410 பிரதிகளுக்குப் பொருத்தமான இருப்பிடம்தான்.

கதவில் நான்கு எழுத்து, ஏழு எண். கடைசி எண், மற்றவை சரியா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக வைத்த எண். வங்கிக்காரனுக்குப் புரிகிற விஷயம். விற்ற பிறகு அந்தக் குறிகளின் மேல் பெயின்ட் அடித்துவிடுவார்கள் என்றார். கதவோரத் தகட்டில் செய்த மாதமும் வருஷமும் இருந்தன. தரை கனமான பிளைவுட். பூச்சி வராமலிருக்க மருந்தேற்றியது. அந்த நெடி அடித்தது.

"உள்ளே நில்லுங்க சார். கதவைச் சாத்தறேன். எங்கேயாவது வெளிச்சம் தெரியுதா பாருங்க."

தாழ்கள் விழுந்தன. இருட்டு. முதலில் என் மூச்சுச் சத்தம் மட்டும். கூரையைப் பார்த்தேன், மூலைகளைப் பார்த்தேன், கதவு சேரும் இடத்தைப் பார்த்தேன். ஊசிமுனையளவு வெளிச்சம் இல்லை. சரக்குக்கு நல்ல பெட்டி என்றால் இதுதான். 1956 ஏப்ரல் 26ஆம் தேதி மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை துறைமுகத் தொழிலாளி ஒவ்வொரு மூட்டையையும் தொட்டுத் தூக்கினான். உள்ளே இருப்பது மிளகா சர்க்கரையா என்று அவன் தோளுக்குத் தெரியும். அதற்குப் பின் வழியில் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. போய்ச் சேரும்வரை யாரும் திறக்காமலிருப்பதுதான் இந்தப் பெட்டியின் தர்மம். புத்தகத்தின் தர்மம் இதற்கு நேர் எதிர். இருட்டில் நின்றபோது இது தோன்றியது. ஆனாலும், கதவு திறந்ததும், "ஓட்டை ஒண்ணும் இல்லை" என்று முன்பணம் கொடுத்துவிட்டேன்.

தை மாதத்தில் ஒரு காலை போய்த் திறந்தேன். கூரை முழுக்க நீர்த்துளிகள். மேலடுக்கு அட்டைப்பெட்டிகள் நமுத்திருந்தன. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது, எங்கும் ஒழுகவில்லை. காகிதத்துக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் உண்டு. பகல் சூட்டில் அது காற்றில் கலக்கிறது. இரவில் இரும்பு முதலில் குளிர்ந்துவிட, ஈரம் கூரையில் படிந்து சொட்டுகிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டு புகாத பெட்டிக்குள், உள்ளே இருந்த காகிதமே மழை பெய்துகொண்டது.

வெல்டரை அழைத்து, எதிரெதிர்ச் சுவர்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு துவாரங்கள் வெட்டி வலை அடித்தோம். மேலே கீற்றுக் கொட்டகை. பெட்டிகளுக்கு அடியில் மரச்சட்டம், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. எந்தக் குறையில்லாமையைப் பார்த்து வாங்கினேனோ அதைக் காசு கொடுத்துக் கெடுத்தேன். உள்ளடக்கம் உருவத்தை நிர்ணயிக்கிறது என்று எழுதியபோது எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

நனைந்த பிரதிகளை வெயிலில் பிரித்து வைத்தபோது, பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கவிதைகளைப் படித்தேன். மதிப்புரையில் சொன்னது முழுக்கத் தவறு என்று இப்போது சொன்னால் அது செத்தவருக்குச் செய்யும் மரியாதையே தவிர விமர்சனம் ஆகாது. பல கவிதைகள் இன்னமும் தளர்வானவைதான். ஆனால் ஐந்தாறு கவிதைகளில் நான் இடைவெளி என்று குறித்த இடங்கள் வழியாகத்தான் காற்று வருகிறது. அவற்றை அடைத்திருந்தால் கவிதை மூச்சுமுட்டிச் செத்திருக்கும். இருபதுகளில் எனக்கு ஓட்டையில்லாத பெட்டிதான் கவிதையாகத் தெரிந்திருக்கிறது.

இதை அவரிடம் சொல்ல வழியில்லை. அவர் மனைவியிடம் சொன்னேன். "படிச்சார். ரெண்டு நாள் சாப்பிடலை. அப்புறம் நல்லா எழுதறான்னு சொன்னார்" என்றார்.

ஏழு பிரதிகள் வீணாயின. 403 இருக்கின்றன. வேண்டுபவர்கள் எழுதலாம், சாவி என்னிடம் இருக்கிறது.