மைனஸ் ஒன்றுக்கு அடுத்த வரி

நெட்வொர்க் கோட் ரிவ்யூவுக்கு வந்தால் என் கண் முதலில் போவது ரீட், ரைட் அழைப்புகளுக்கு அல்ல; அவற்றுக்கு அடுத்த வரிக்கு. பெரும்பாலும் அங்கே ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்: பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் லாகில் ஒரு வரி எழுது, இணைப்பை மூடு. கம்பைலர் ஏற்றுக்கொள்ளும், டெஸ்ட்டும் பாஸ் ஆகும். ஆனால் பிழை வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த வரியில் பதிலே இல்லை.

‘ரீட் தோல்வி: சக்சஸ்’. சி மொழியில் சர்வர் எழுதியவர்கள் பலர் இந்த வாசகத்தை லாகில் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ரீட் மைனஸ் 1 தந்தால் மட்டும்தான் எர்னோவுக்கு அர்த்தம். பூஜ்யம் என்றால் எதிர்முனை அனுப்பி முடித்துவிட்டது. அப்போது எர்னோவை யாரும் தொடுவதில்லை. அதில் பூஜ்யமே கிடந்தால் லினக்ஸ் நூலகம் அதை ‘சக்சஸ்’ என்று அச்சிடும். இரண்டையும் ஒரே நிபந்தனையில் அடைத்த வினை. அந்தப் பூஜ்யம் நல்லதா கெட்டதா என்று கெர்னலால் சொல்லவும் முடியாது. 400 பைட் வரும் என்று முகப்பில் அறிவித்துவிட்டு 250-இல் நின்றால் அது பாதியில் அறுந்த செய்தி. ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்குமுன் வந்தால் முறையாக விடைபெற்றதாகக் கொள்ளலாம். எவ்வளவு எதிர்பார்த்தோம், எவ்வளவு வந்தது என்ற இரண்டு எண்களும் நம் கோடுக்கு மட்டுமே தெரியும். லாகில் அவை இல்லையென்றால் நான் ரிவ்யூவைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மைனஸ் 1 வந்தபின் பிழைகளைப் பெயரால் பிரிப்பதைவிட, அடுத்துச் செய்யவேண்டிய வேலையால் பிரிப்பது எனக்குப் பழக்கம். ஈ-இன்டர் என்றால் இடையில் ஒரு சிக்னல் புகுந்திருக்கிறது, மறுபடி அழைக்கலாம். பைத்தான் 3.5 முதல் இதை மொழியே பார்த்துக்கொள்கிறது. ஈ-அகெய்ன் என்றால் இப்போதைக்கு ஒன்றுமில்லை, காத்திருக்கும் லூப்புக்குத் திரும்பு. ஈ-பேட்எஃப் வந்தால் கோளாறு நெட்வொர்க்கில் இல்லை, நம்மிடம். அதற்கு மறுமுயற்சி எழுதுவதைவிட அந்த இடத்திலேயே புரோகிராமை நிறுத்துவது மேல். இந்தப் பிரிப்பையும் கண்மூடிப் பின்பற்ற முடியாது. லினக்ஸில் க்ளோஸ் ஈ-இன்டர் தந்தாலும் அந்த ஃபைல் எண் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருக்கும். மறுபடி மூடினால், இதற்குள் வேறொரு த்ரெட் அதே எண்ணில் திறந்த இணைப்பைப் பிடுங்கிவிடும். அப்படி வரும் பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ரைட்டின் சங்கதி இன்னும் மோசம். அது வெற்றி என்றால் பைட்டுகள் நம் கெர்னலின் பஃபருக்குள் போயின, அவ்வளவுதான்; கூரியர் கடையில் ரசீது வாங்கியதற்குச் சமம். எதிர்முனை மூடிப் போயிருந்தாலும் முதல் ரைட் வெற்றி என்றே திரும்பும். அதற்கு மறுமொழியாக ரீசெட் வந்து சேர்ந்தபின், அடுத்த ரைட்டில்தான் ஈ-பைப். கூடவே சிக்பைப் சிக்னல் வந்து, தடுத்து வைக்காத புரோசஸை லாகில் ஒரு சொல்கூட இல்லாமல் கொன்றுவிடும். ஆக, பிழை சொன்ன அழைப்பு வேறு, பிழைக்கு ஆளான தரவு வேறு. பணம் அனுப்பும் கோரிக்கை ஒன்றின் நடுவில் இப்படி ஆனால், சர்வர் அதைச் செய்து முடித்ததா என்று இந்தப் பக்கம் இருந்து அறிய வழியில்லை. கோரிக்கைக்கு ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் மறுபடி செய்யாதே என்று சர்வருக்கும் சொல்லிவைத்த பிறகுதான் ரீட்ரை லூப் எழுத வேண்டும். ‘மூன்று தடவை முயன்று பார்’ என்று மட்டும் இருக்கும் லூப்பை இன்றும் வாரந்தோறும் பார்க்கிறேன்.

பிழையே வராமல் போவது இன்னொரு தொல்லை. நடுவழியில் ஃபயர்வால் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் விழுங்கினால், லினக்ஸ் தன் இயல்பு அமைப்பில் அனுப்பியதையே சுமார் 15 நிமிடம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். வெறுமனே ரீட்டில் காத்திருப்பவருக்கு அந்தப் பதிலும் கிடைக்காது. கீப்அலைவ் நாமாகப் போட்டால்தான் உண்டு; போட்டாலும் முதல் சோதனை 7,200 விநாடி கழித்தே. எனவே கெடு நம்முடையதாக இருக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு ரீட்டுக்கும் தனித்தனியாக அல்ல, முழுக் கோரிக்கைக்கும் ஒரே கெடு. 30 விநாடி கெடுவை ரீட்டுக்கு வைத்தால், 29 விநாடிக்கு ஒரு பைட் என்று சொட்டவிடும் எதிர்முனை நம்மை நாள் முழுக்கக் கட்டிப்போடும்.

இதையெல்லாம் மேசையிலேயே வரவழைத்துப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பைட் தரும் போலி ரீட்டை வைத்து டெஸ்ட்டை ஓட்டினால் பாதிக் குறை அப்போதே தெரியும். பிறகு ஐபிடேபிள்ஸில் அந்தப் போர்ட்டுக்கு ரிஜெக்ட் விதி. அதை எடுத்துவிட்டு ட்ராப் விதி. முதலாவது உடனே மறுக்கும், இரண்டாவது வாயே திறக்காது. ட்ராப் போட்டு, நாம் வைத்த கெடு தாண்டியும் லாகில் எதுவும் வரவில்லை என்றால், டைம்அவுட் இல்லாத ரீட் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. ஜிடிபியைத் திறந்து எந்த த்ரெட் என்று பார்க்கவேண்டியதுதான்.